கேமராவுக்கு முன் கதவு: வீட்டையும் தம்மையும் காத்துக்கொள்ளும் வழிகள்

வீட்டுப் பாதுகாப்பு என்றதும் பலரும் முதலில் விசாரிப்பது கண்காணிப்புக் கேமராவைத்தான். உண்மையில் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். கேமரா நடந்ததைப் பதிவு செய்து வைக்கும். நடக்கவிருப்பதைத் தடுப்பவை கதவும், சாவியைக் கையாளும் முறையும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடு எப்படித் தெரிகிறது என்பதும்தான். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் கேமராவின் விலையைவிடக் குறைவு.

எந்தப் பூட்டும் ஒருவரை நிரந்தரமாக வெளியே நிறுத்திவிடாது. கதவு, ஜன்னல்களின் உறுதியைச் சோதிக்கும் இஎன் 1627 என்ற ஐரோப்பியத் தரநிலையே அந்த உறுதியை நிமிடங்களில்தான் அளக்கிறது. அதில் ஆர்சி 2 என்ற உறுதி வகையைச் சேர்ந்த கதவு திருப்புளி, குறடு, ஆப்பு போன்ற எளிய கருவிகளுக்கு 3 நிமிடம் ஈடுகொடுக்க வேண்டும். ஆர்சி 3 வகைக் கதவு கடப்பாரையையும் சேர்த்து 5 நிமிடம் தாங்க வேண்டும். ஆக, நல்ல பூட்டு வாங்கித் தருவது சில நிமிடங்களை மட்டுமே. அந்த நிமிடங்களில் சத்தம் கேட்க வேண்டும், வெளிச்சம் விழ வேண்டும், யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் நடக்காத இடத்தில் விலை உயர்ந்த பூட்டும் வீண்தான்.

கதவு

கதவை உடைப்பவர்கள் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரத்தை உடைக்கிறார்கள். பூட்டின் நாக்கு போய் நுழையும் சிறு உலோகத் தகடு நிலைச்சட்டத்தில் இரண்டு குட்டைத் திருகாணிகளால் மட்டும் பொருத்தப்பட்டிருந்தால், ஓங்கி ஓர் உதை விட்டாலே சட்டம் பிளந்துவிடும். அந்தத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, நிலைச்சட்டத்தைத் தாண்டிச் சுவருக்குள்ளோ பின்னாலுள்ள கட்டைக்குள்ளோ இறங்கும் அளவுக்குச் சுமார் 75 மில்லிமீட்டர் நீளமுள்ளவற்றைப் போட வேண்டும். கல் அல்லது செங்கல் சுவராக இருந்தால் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் சிறு உறையான பிளக்கைத் துளைக்குள் அடித்துவிட்டுத் திருகாணியை இறக்க வேண்டும். தகடும் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பது நல்லது. இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர் இதைச் செய்யலாம்.

பூட்டின் நாக்கு குறைந்தது 25 மில்லிமீட்டராவது வெளியே நீண்டு தகட்டுக்குள் நுழைய வேண்டும். கதவைச் சாத்தியதும் தானே விழும் சரிவான நாக்கு பாதுகாப்பு ஆகாது. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகியே அதைப் பின்னுக்குத் தள்ளிவிட முடியும். வெளியிலிருந்து சாவியைத் திருப்பினால் மட்டுமே அசையும் சதுர நாக்கு தனியாக இருக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறப்பதாக இருந்தால் கீல்கள் வெளியே தெரியும். கீலின் ஆணியை உருவிவிட்டால் பூட்டு இருக்கும்போதே கதவைப் பெயர்த்துவிடலாம். உருவ முடியாத ஆணியுள்ள கீலை மாட்டுவது இதற்கு ஒரு வழி. கதவு சாத்தியிருக்கும்போது நிலைச்சட்டத்துக்குள் புகுந்து நிற்கும் சிறு குமிழ்களைக் கீல் பக்கத்தில் பொருத்துவது இன்னொரு வழி. தொங்கு பூட்டுப் போடும் கதவுகளில் கொண்டியையும் நாதாங்கியையும் பிடித்திருக்கும் திருகாணிகள், பூட்டிய பிறகு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஒரு திருப்புளியே போதும், பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. தொங்கு பூட்டின் வளையம் எவ்வளவு குறைவாக வெளியே தெரிகிறதோ, அதை வெட்டுவது அவ்வளவு கடினம்.

பின்கதவு, மாடிக் கதவு, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கதவு ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவை ஒற்றைத் தாழ்ப்பாளோடு விட்டிருக்கும் வீடுகள் ஏராளம். வருபவர் எந்தக் கதவு எளிது என்று பார்ப்பாரே தவிர, எது அழகாக இருக்கிறது என்று பார்க்க மாட்டார்.

ஓர் எச்சரிக்கை: உள்ளே நுழைய முடியாதபடி செய்யும் ஏற்பாடு, தீ விபத்தின்போது வெளியேற முடியாதபடி ஆகிவிடக் கூடாது. உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு, திறக்கவே வழியில்லாத ஜன்னல் கம்பித் தடுப்பு ஆகிய இரண்டும் புகை சூழ்ந்த இரவில் உயிருக்கே ஆபத்தாகும். ஓர் அறையிலாவது உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக்கூடிய கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். அது எங்கே, எப்படித் திறப்பது என்பது வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியை மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதித்து, 10 ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும்.

சாவி

புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபுகும்போது, அதன் சாவிக்கு எத்தனை நகல்கள் யார் யாரிடம் இருக்கின்றன என்பதை அறிய வழியே இல்லை. முன்பு குடியிருந்தவர், தரகர், வண்ணம் அடித்தவர் என்று அந்தப் பட்டியல் நீளும். முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறைவு. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் சொல்லி அனுமதி பெற்றுச் செய்யலாம்.

மிதியடிக்கு அடியிலும், பூந்தொட்டிக்குக் கீழும், மீட்டர் பெட்டிக்குள்ளும் சாவியை ஒளித்து வைப்பவர்கள், தேடுபவர் முதலில் பார்க்கும் இடங்களில்தான் அதை வைக்கிறார்கள். மாற்றுச் சாவி நம்பிக்கையான உறவினர் அல்லது அண்டை வீட்டாரிடம் இருக்கட்டும். சாவிக்கொத்தில் வீட்டு முகவரியை எழுதித் தொங்கவிடக் கூடாது. சாவியைப் படம் பிடித்து எங்கும் பகிரவும் கூடாது; தெளிவான படம் ஒன்று இருந்தால் அதிலுள்ள வெட்டுகளைப் பார்த்தே நகல் செய்துவிட முடியும். சாவியோடு முகவரி உள்ள அடையாள அட்டையும் சேர்ந்து தொலைந்துபோனால், கிடைத்துவிடும் என்று காத்திருக்காமல் அன்றே சிலிண்டரை மாற்றிவிட வேண்டும்.

ஜன்னலும் சுற்றுப்புறமும்

நகரும் கண்ணாடிக் கதவு, ஜன்னல்களின் கீழ்த் தடத்தில் அளவாக வெட்டிய மரக்கோல் ஒன்றை வைத்தால், கொக்கி உடைந்தாலும் கதவு நகராது. ஜன்னலை ஒட்டி அடர்ந்து வளர்ந்த செடி, நிழலோடு மறைவையும் சேர்த்தே தருகிறது. புதர்களை இடுப்பு உயரத்துக்குக் கீழும், மரக்கிளைகளை ஆள் உயரத்துக்கு மேலும் இருக்கும்படி வெட்டிவிட்டால் தெருவிலிருந்து வாசல் தெளிவாகத் தெரியும். வீட்டைப் பார்வையிலிருந்து முற்றாக மறைக்கும் உயர்ந்த மதில், சுவர் ஏறிக் குதித்தவருக்கும் அதே மறைவைத் தந்துவிடுகிறது என்பதைக் கட்டும்போது பலர் யோசிப்பதில்லை. ஏணியையும் மண்வெட்டியையும் வெளியில் போட்டு வைக்க வேண்டாம். ஆள் அசைந்தால் எரியும் விளக்கு, இரவெல்லாம் எரியும் விளக்கைவிடக் கவனத்தை ஈர்க்கும், மின்சாரமும் மிச்சமாகும்.

வெளியூர் போகும்போது

ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொடுப்பவை சின்னச் சின்ன அடையாளங்கள்: வாசலில் சேரும் நாளிதழ்கள், பகலிலும் எரியும் விளக்கு, நாள்கணக்கில் அசையாத திரைச்சீலை. நாளிதழையும் கூரியரையும் நிறுத்தி வைக்கலாம். இரண்டு விளக்குகளை டைமரில் இணைத்து, மாலையில் வெவ்வேறு நேரங்களில் எரிந்து அணையும்படி அமைக்கலாம். இவற்றைவிடச் சிறந்தது, தினமும் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்க ஒப்புக்கொண்ட ஓர் அண்டை வீட்டார். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு சமூக ஊடகத்தில் போடுவதால் எந்த நட்டமும் இல்லை. நகை, பத்திரம் போன்றவற்றைப் படுக்கையறை அலமாரியில் விட்டுச் செல்ல வேண்டாம். எல்லாரும் முதலில் தேடுவது அந்த அறையைத்தான். வீட்டில் இரும்புப் பெட்டகம் வைத்திருந்தால் அதைத் தரையோடோ சுவரோடோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வாசலில் வரும் அந்நியர்

கதவுச் சங்கிலியைப் பலர் நம்பியிருக்கிறார்கள். அது பேசுவதற்கு உதவும், தடுப்பதற்கு உதவாது. தோளால் ஒருமுறை மோதினால் அதன் சிறு திருகாணிகள் பெயர்ந்துவிடும். கதவில் அகலக் கோணக் கண்ணாடித் துளை ஒன்றைப் பொருத்தி, கதவைத் திறக்காமலேயே பேசப் பழக வேண்டும். மின்சாரம், எரிவாயு, இணையம் என்று எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வந்தாலும், அவர் காட்டும் அட்டையிலுள்ள எண்ணுக்கு அழைத்துச் சரிபார்ப்பதில் பொருளில்லை. கட்டண ரசீதிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ உள்ள எண்ணை நாமே தேடி எடுத்து அழைக்க வேண்டும். உண்மையான பணியாளர் இந்த 5 நிமிடத் தாமதத்துக்குக் கோபப்பட மாட்டார். வந்தவர் அவசரப்படுத்தினால் அதுவே கதவைத் திறக்காமலிருக்கப் போதுமான காரணம். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது, கதவைத் திறக்க மறுப்பது மரியாதைக்குறைவு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல, தயவு தாட்சண்யத்தால்.

சாலையிலும் பயணத்திலும்

இரவில் தனியாக நடக்கும்போது இரு காதுகளையும் இயர்போனால் அடைத்துக்கொள்வது, பின்னால் வரும் காலடியையும் வண்டியையும் அறியும் வழியை நாமே மூடிக்கொள்வதாகும். பையை வண்டிகள் செல்லும் பக்கம் தொங்கவிடாமல் மறுபக்கத் தோளில் மாட்ட வேண்டும். வண்டியின் சாவியை அருகில் போய்த் தேடாமல், நடக்கும்போதே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் தெருவின் மறுபக்கம் மாறிப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் வீட்டுக்குப் போகாமல், ஆட்கள் இருக்கும் வெளிச்சமான இடத்துக்குள் நுழையுங்கள். வீட்டுக்குப் போனால் முகவரியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

செயலி வழியாக அழைத்த வாடகை வாகனத்தில் ஏறுமுன் எண் தகட்டைச் செயலியோடு ஒப்பிட வேண்டும். நம் பெயரை நாமே சொல்லாமல், “யாரை அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள்?” என்று ஓட்டுநரிடம் கேட்பது நல்லது. ஏடிஎம்மில் ரகசிய எண்ணை அழுத்தும்போது மறு கையால் விசைப்பலகையை மூடிக்கொள்ள வேண்டும். அட்டை நுழையும் வாய்ப்பகுதி தளர்ந்தோ துருத்தியோ இருந்தால் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிடலாம்.

வழிமறித்து ஒருவர் பணப்பையைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அட்டையை முடக்கலாம், கைப்பேசியை மீண்டும் வாங்கலாம். எதிர்த்துப் போராடுவது, தப்பிக்க வேறு வழியே இல்லாதபோது, பொருளுக்காக அல்லாமல் உயிருக்காக மட்டும் செய்ய வேண்டியது.

கைப்பேசியும் கேமராவும்

தம் நாட்டின் அவசர எண்ணை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்எம் என்ற கைப்பேசித் தொடர்புத் தரத்தில் 112 அவசர அழைப்பு எண்ணாக ஏற்கப்பட்டிருப்பதால், கைப்பேசி பூட்டியிருந்தாலும் திரையிலிருந்தே அதை அழைக்கலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் சில பொத்தான்களை அழுத்தினாலே அவசர உதவியை அழைக்கும் வசதி இருக்கிறது. மாடலுக்கேற்ப முறை மாறும் என்பதால் அமைப்புகளுக்குள் சென்று இன்றே பார்த்து வைப்பது நல்லது. *#06# என்று அழுத்தினால் தோன்றும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணை, கைப்பேசிக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு கேமரா வாங்கலாம். வாங்கியதும் முதல் வேலை, தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுவது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத அத்தகைய கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கேமராக்களையும் ரூட்டர்களையும் தன்வசப்படுத்தியது. கேமரா வாசலை மிக உயரத்திலிருந்து பார்த்தால் தலைமுடிதான் பதிவாகும். முகம் தெரியும் கோணத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். படுக்கையறையில் வைக்கவே வேண்டாம். அண்டை வீட்டு ஜன்னலை நோக்கித் திருப்புவது சண்டைக்கு வழி. பல நாடுகளில் சட்டச் சிக்கலுக்கும் வழி.

வீடு திறந்து கிடந்தால்

வெளியே போய்த் திரும்பும்போது கதவு திறந்தோ உடைந்தோ இருந்தால் உள்ளே போகக் கூடாது, குரல் கொடுக்கவும் கூடாது. உள்ளே ஆள் இன்னும் இருக்கலாம். தப்பியோட வழியில்லாதவரே மிக ஆபத்தானவர். சத்தமின்றிப் பின்வாங்கி, தொலைவில் நின்று காவல்துறையை அழைக்க வேண்டும். இரவில் வீட்டுக்குள்ளேயே சத்தம் கேட்டு விழித்தால், வெளியேற முடியுமானால் வெளியேறுங்கள். முடியாவிட்டால் குடும்பத்தோடு ஓர் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழையுங்கள். இதற்காகவே கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜில் போடாமல் படுக்கைக்கு அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

காவல்துறையினர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாமல், துடைக்காமல், அடுக்கி வைக்காமல் இருக்க வேண்டும். அவர்கள் முடித்ததும் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, காணாமற்போனவற்றைப் பட்டியலிட்டு, வங்கி அட்டைகளை முடக்கி, சிம் அட்டையை நிறுத்தச் சொல்லி, பூட்டுகளை அன்றே மாற்ற வேண்டும். பொருள்களின் வரிசை எண்களும் ரசீதுகளின் படங்களும் முன்பே ஓரிடத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் புகாரும் காப்பீட்டுக் கோரிக்கையும் எளிதாகும். எளிதாக நுழைய முடிந்த வீட்டுக்குச் சில வாரங்களில் மீண்டும் வருபவர்களும் உண்டு; ஆகவே உடைந்த சட்டத்தை ஒப்பேற்றி ஒட்டாமல், நீண்ட திருகாணியும் தடித்த தகடுமாக முழுமையாகச் சரிசெய்துவிட வேண்டும்.