பம்ப் ஆக்ஷன் ஷாட்கன் கிளீனிங்: பேரல் பளபளப்ப விட சேம்பர் முக்கியம்

புதுசா ஷாட்கன் வாங்குனவங்க பேரல் (துப்பாக்கிக் குழாய்) உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுற வரைக்கும் தேய்ப்பாங்க, ஆனா பேரலோட பின்னாடி தோட்டா உக்கார்ற சேம்பர கண்டுக்கவே மாட்டாங்க. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன். ஒருநாள் ரேஞ்சுல நாப்பது ரவுண்டு போல சுட்டிருப்பேன், சுட்ட தோட்டாவோட காலி கூடு சேம்பருக்குள்ளயே ஒட்டிக்கிச்சு, ஃபோர் எண்ட (பேரலுக்கு கீழ இருக்குற, பம்ப் பண்ண முன்ன பின்ன இழுக்குற கைப்பிடி) எவ்ளோ இழுத்தும் அசையல. வீட்டுக்கு வந்து பேரல கழட்டி டார்ச் அடிச்சு பார்த்தா சேம்பர் சுவர் முழுக்க பழுப்பு கலர்ல ஒரு படலம், நகத்தால சுரண்டுனா மெழுகு மாதிரி உரிஞ்சு வருது. தோட்டாவோட பிளாஸ்டிக் தான் உருகி உருகி படிஞ்சிருக்கு.

சரி, வேலைய ஆரம்பிக்கலாம். எடுத்ததும் துப்பாக்கி காலியா இருக்கான்னு பார்க்கணும், இத மட்டும் அவசரப்படாம பண்ணுங்க. துப்பாக்கி வாய் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும், விரல் ட்ரிக்கர் பக்கமே போகக்கூடாது, சேஃப்டிய போட்டுட்டு ஆக்ஷன் ரிலீஸ (ஃபோர் எண்ட் பூட்ட விடுவிக்கிற பட்டன்) அமுக்கி ஃபோர் எண்ட முழுசா பின்னாடி இழுங்க, சேம்பர்ல ஏதாவது இருந்தா வெளிய வந்துடும். ஆனா சேம்பர் காலியானா துப்பாக்கி காலின்னு நெனச்சுடாதீங்க, பம்ப் ஆக்ஷன்ல பெரும்பாலும் மேகசின் (தோட்டா அடுக்குற எடம்) பேரலுக்கு கீழயே ஒட்டி இருக்குற ட்யூப், தனியா கழட்டி பார்க்குற பெட்டி கிடையாது, உள்ள ரெண்டு தோட்டா படுத்திருந்தாலும் வெளிய இருந்து தெரியாது. மிச்சம் இருக்குற தோட்டாவ பம்ப் பண்ணி பண்ணி தள்றத விட அடிப்பக்கம் இருக்குற லாட்ச அமுக்கி ட்யூப்ல இருந்து நேரா எடுங்க, ஏன்னா பம்ப் பண்ணா ஒவ்வொண்ணும் சேம்பருக்குள்ள போயிட்டு தான் வெளிய வரும். கடைசியா சுண்டு விரல விட்டு சேம்பர தடவிப் பாருங்க, ட்யூப் வாயிலயும் விரல வச்சு உள்ள தோட்டாவ தள்ற ஃபாலோயர் கைக்கு தட்டுப்படுதான்னு பாருங்க. எல்லா தோட்டாவும் வேற ரூமுக்கு போயிடணும், கிளீன் பண்ற மேஜைல ஒண்ணுகூட இருக்கக்கூடாது.

அடுத்து ஜன்னல தெறந்து வைங்க, கையில நைட்ரைல் கிளவுஸ் போடுங்க. அழுக்க கரைக்குற சால்வண்ட் வாடை ஒரு காரணம், இன்னொண்ணு துப்பாக்கி அழுக்குல ஈயம் இருக்கு.

பேரல கழட்டுறது ஈசி. ரெமிங்டன் 870 மாதிரி மாடல்னா ஃபோர் எண்ட பாதி தூரம் பின்னாடி வச்சுட்டு ட்யூப் நுனியில இருக்குற மூடிய திருகி எடுத்துட்டு பேரல முன்பக்கமா இழுத்தா வந்துடும். சில மாடல்ல மூடிக்கு பின்னாடி ஸ்ப்ரிங் அழுத்தி நிக்கும், கட்டை விரலால மூடிய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மெதுவா திருகுங்க, முகத்த நேரா வைக்காதீங்க. உங்க மாடலோட மேனுவல பக்கத்துல வச்சுக்கிறது தான் நல்லது.

இப்ப சேம்பர். 12 கேஜ்ல (கேஜ்ங்கிறது பேரல் ஓட்டையோட அளவு) பேரல் ஓட்டை கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர், சேம்பரோ 20 மில்லிமீட்டருக்கு மேல, அதனால பேரலுக்கு போடுற பிரஷ் சேம்பர் சுவர்ல சரியா படாது, சும்மா வழுக்கிட்டு போயிடும். சேம்பருக்குன்னு தனியா பெரிய பிரஷ் விக்குது, அத வாங்குங்க. சால்வண்ட்ல நனைச்சு பத்து நிமிஷம் ஊற விட்டு நல்லா சுத்தி சுத்தி தேய்ங்க. சேம்பர் முடிஞ்சு பேரல் குறுகுற எடத்துல தான் பிளாஸ்டிக் ரொம்ப சேரும், அங்க கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, சாம்பல் கலர்ல நீள நீளமா நார் மாதிரி உரிஞ்சு வந்தா வேலை ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம்.

பேரலுக்கு வெண்கல பிரஷ், பின்பக்கம் இருந்து வாய்ப்பக்கம் தள்ளுங்க, பாதில திருப்பி இழுக்காதீங்க. அப்புறம் துணி பேட்ச் ஒண்ணு ஒண்ணா விடுங்க, முதல் பேட்ச் கரியா வரும், நாலாவது அஞ்சாவது வெள்ளையா வந்தா போதும். சோக் (குண்டு சிதறல கட்டுப்படுத்த பேரல் நுனியில திருகுற சின்ன குழாய்) மாட்டுற பேரல்னா சோக்க கழட்டி திருகு மரைய தொடச்சு துளி கிரீஸ் வச்சு மாட்டுங்க, சோக் இல்லாம சுடவே கூடாது, மரை கெட்டுடும்.

போல்ட்டுல (சேம்பர பின்னாடி அடைக்குற பாகம்), சுட்ட கூட வெளிய இழுக்குற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில அழுக்கு அடைச்சுக்கும், பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. ட்ரிக்கர் பாகத்த ஒவ்வொரு தடவையும் கழட்ட வேண்டியதில்ல, கழட்டுனாலும் வெளிய வச்சு ட்ரிக்கர இழுத்து ஹேமர (உள்ள இருக்குற சின்ன சுத்தி) அடிக்க விடாதீங்க, உடைஞ்சு போக வாய்ப்பு இருக்கு.

எண்ணெய்ல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. உலோகத்தோட உலோகம் உரசுற எடத்துல, அதாவது ஆக்ஷன் பார் (ஃபோர் எண்டையும் போல்ட்டையும் இணைக்குற கம்பி), போல்ட் ஓடுற தடம், இங்க ஒரு சொட்டு தடவுனா போதும். ஊத்தி விட்டா தூசி ஒட்டி பசை மாதிரி ஆயிடும், துப்பாக்கி வேகமா ஓடாம தடுமாறும். சேம்பர்லயும் பேரல் உள்ளயும் எண்ணெய் மெல்லிய படலம் போல இருக்கலாம், ஆனா சுடப் போறதுக்கு முன்னாடி காஞ்ச பேட்ச் விட்டு தொடச்சுடுங்க.

திருப்பி மாட்டுனதும் தோட்டா இல்லாம பம்ப் பண்ணி பாருங்க. ஸ்மூத்தா ஓடணும், சேஃப்டி போட்டா ட்ரிக்கர் வேலை செய்யக்கூடாது. டெஸ்டுக்கு நிஜ தோட்டா வேணாம், வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா போதும்.

பத்திரப்படுத்தும்போது நுரை மெத்தை வச்ச பெட்டிலயும் தோல் உறைலயும் மாசக்கணக்கா வைக்காதீங்க, ஈரம் புடிச்சு துரு ஏறிடும். பூட்டுன அலமாரில சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, தோட்டா தனியா வேற பூட்டுல. தோள்ல வைக்குற ஸ்டாக் மரக்கட்டைன்னா, எண்ணெய் போட்ட அன்னைக்கு ராத்திரி துப்பாக்கி வாய் கீழ பாத்து நிக்கட்டும், இல்லன்னா எண்ணெய் பின்னாடி வழிஞ்சு கட்டையில ஊறி மரம் மெத்துன்னு ஆயிடும். அப்புறம் கைய சோப்பு போட்டு கழுவிட்டு தான் சாப்பாட்டுல கைய வைக்கணும்.