தீர்ப்பு வந்துவிட்டது, நாமினி மாறவில்லை

2022-ல் விவாகரத்துத் தீர்ப்பு கைக்கு வந்த அன்று எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் கழித்து, வேறு வேலையாக அலுவலகத்தில் என் பழைய ஃபைலைப் புரட்டியபோது கிராஜுவிட்டி (பணிக்கொடை) படிவம் கண்ணில் பட்டது. நான் இறந்தால் அந்தப் பணத்தை வாங்க வேண்டிய நாமினி யார் என்று எழுதிக் கொடுக்கும் தாள். 2009-ல் நானே நீல மையில் எழுதியது. உறவு: கணவர். பங்கு: 100%.

தீர்ப்பு எந்த நாமினியையும் தானாக நீக்காது. முன்பு எழுதிய உயிலும் தானாக ரத்தாகாது. ஒவ்வொரு இடமாக நாம்தான் ஏறி இறங்க வேண்டும். நாமினி வெறுமனே பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தானே என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் வங்கி முதலில் அவர் கையில்தான் கொடுக்கும். அதைத் திரும்பக் கேட்டு கோர்ட்டுக்கு நடப்பது என் அம்மாவாக இருக்கும்.

முதல் வேலை, ஆதாரில் எந்த செல்போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் முன்னாள் கணவரின் எண் இருந்தது. பி.எஃப். இணையதளத்தில் நாமினி மாற்ற உட்கார்ந்தால் ஓடிபி அவருக்குப் போகிறது! ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம் நகர்ந்தது. பி.எஃப்.-க்கு நாமினியின் ஆதாரும் போட்டோவும் வேண்டும். கடைசியில் இ-சைன் (மின்னணுக் கையெழுத்து) செய்யாவிட்டால் பதிவாகாது.

காப்பீட்டுப் பாலிசியில் நாமினியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் மனைவி பெயரில், திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுத்த பாலிசி என்றால் கணவர் பிறகு தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இதைப் படிக்கும் ஆண்கள் பாலிசி பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜாயின்ட் அக்கவுன்ட்டில் நாமினியை மாற்றிப் பயனில்லை, மூடிவிடுங்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எல்லா இடத்திலும் மகள் பெயரைப் போட்டேன். அவளுக்குப் பதினொரு வயது. நான் போய்விட்டால் அவளுடைய இயற்கைக் காப்பாளர் யார்? அவள் அப்பாதான். முன்வாசலில் அனுப்பியவர் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிடுவார். கெட்டவர் என்று சொல்லவில்லை, கடன் வாங்குவதில் தாராளம், அவ்வளவுதான். அதனால் நாமினி மைனர் என்றால் காப்பாளர் பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நான் அம்மா பெயரை எழுதினேன்.

ஆனால் அந்தக் கட்டம் பணத்தை வாங்குவதோடு சரி. அதற்குப் பிறகு அதை யார் வைத்திருப்பது, எதற்குச் செலவழிப்பது என்பதை உயிலில்தான் சொல்ல முடியும். என் உயிலில் அண்ணனை நிறைவேற்றுபவராகப் போட்டிருக்கிறேன். மகளுக்கு 21 வயது ஆகும்வரை சொத்து அவர் பொறுப்பில். படிப்புச் செலவுக்கு எடுக்கலாம், விற்கக் கூடாது. (எங்களுக்கு இந்துச் சட்டம். முஸ்லிம்களுக்கு உயிலில் எவ்வளவு எழுதலாம் என்பதற்குத் தனி வரம்பு உண்டு, வக்கீலிடம் கேளுங்கள்.)

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். அவர்களுக்கு உயிலில் பங்கு இல்லாதிருப்பது நல்லது, நம்மைவிட இளையவர்களாக இருப்பது இன்னும் நல்லது. பதிவு கட்டாயமில்லை. நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டேன். முன்பு எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்வதாக ஆரம்பத்திலேயே ஒரு வரி வேண்டும்.

இன்ஷியல் விஷயம்தான் என்னைப் படுத்திவிட்டது. பான் கார்டில் அப்பாவின் ‘மு’, வீட்டுப் பத்திரத்தில் முன்னாள் கணவரின் ‘செ’. இரண்டு பெயரையும் ‘என்கிற’ போட்டு உயிலில் சேர்த்து எழுதச் சொன்னார் வக்கீல்.

உயிலை லாக்கரில் வைக்கவில்லை. நான் போன பிறகு லாக்கரைத் திறக்கவே ஆயிரம் காகிதம் கேட்பார்கள். அம்மா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. சாவி எங்கே என்று அண்ணனுக்குத் தெரியும்.