கண்ணுக்கு ஸ்கேன் எழுதித் தந்தால் என்ன கேட்பது?

60 வயதுக்கு மேல் கண் பரிசோதனைக்குப் போனால் ஓசிடி ஸ்கேன் (விழித்திரையையும் பார்வை நரம்பையும் அடுக்கடுக்காகப் படமெடுப்பது), ஃபீல்டு டெஸ்ட் (பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பார்வை தெரிகிறது என்று பார்ப்பது) என்று செலவு வைக்கும் சீட்டு கைக்கு வருவது சகஜம். டாக்டரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “இதன் முடிவைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா?”

கண் அழுத்தம் கூடுதலாக இருந்தாலோ, பார்வை நரம்பில் சந்தேகம் இருந்தாலோ இரண்டு டெஸ்டுமே நியாயமானவை. பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா என்ற நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் பார்வையைத் தின்றுவிடும். போன பார்வை திரும்பாது. ஃபீல்டு டெஸ்ட் முதல் தடவை பழக்கமில்லாததால் சரியாக வராமல் போகலாம். மறுபடி எடுக்கச் சொன்னால் பணம் பறிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மருந்து ஊற்றி விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். அதில் வீக்கம் தெரிந்தால் ஓசிடி தேவைப்படும். புரை அறுவைக்கு முன் லென்ஸ் பவர் கணக்கிடும் அளவீடும் தவிர்க்க முடியாதது.

டாக்டர் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, கவுண்ட்டரில் ‘சீனியர் பேக்கேஜ்’ என்று நீட்டினால்தான் எனக்கு உறுத்தும். அவசரமில்லை என்றால் ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேட்கலாம். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்குகிறது.

திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, புதிதாக நிறையக் கரும்புள்ளிகள், திரை விழுந்ததுபோல் மறைப்பு என்றால் கணக்குப் பார்க்காமல் அன்றே போய்விடுங்கள்.