எலிசபெத் காட்டனின் முதல் ஆல்பத்தோடு கிதார் பழகுங்கள்

கிதாரில் சி கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிக்க வருகிறது, அடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் கையில் கொடுப்பது எலிசபெத் காட்டனின் முதல் ஆல்பத்தைத்தான். 1958-இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண்மணி, நாட்டுப்புற இசையில் ஊறிய சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை பார்த்துவந்தார். அவர் 60 வயதைக் கடந்தபின், அந்தக் குடும்பத்து மகன் மைக் சீகர், காட்டனின் வீட்டிலேயே இந்தப் பாடல்களை டேப்பில் பதிவு செய்தார். பின்னணி வாத்தியக் குழு கிடையாது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழும். பழகுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலில் கிதாரைக் கீழே வைத்துவிட்டு 'ஃப்ரெய்ட் டிரெயின்' பாட்டை மூன்று தடவை கேளுங்கள். சரக்கு ரயிலைப் பற்றிச் சிறுமியாக இருந்தபோதே அவர் கட்டிய பாட்டு. ஒரு தடவை குரலை, ஒரு தடவை அடியில் நிற்காமல் ஓடும் கனத்த தந்திகளை, ஒரு தடவை மேலே நடக்கும் மெட்டை மட்டும் கவனியுங்கள்.

அவர் வாசிக்கும் வீடியோவைப் பார்த்துக் கையை மட்டும் நகலெடுக்காதீர்கள். அவர் இடக்கைக்காரர். அண்ணனின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை எடுத்துப் பழகத் தொடங்கி, கிதாரையும் தானாகவே கற்றவர். தந்திகளை மாற்றிக் கட்டாமல் கிதாரைத் திருப்பிப் பிடித்தார். அதனால் கனத்த தந்திகளை விரலாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் மீட்டினார். வலக்கைக்காரர்களுக்கு இது நேர் எதிர்.

இப்போது சி கார்ட். மெல்லிய தந்தியை 1 என்று எண்ணுங்கள். இடது கையின் மோதிர விரல் 5-ஆம் தந்தியில் 3-ஆம் ஃப்ரெட் (கிதாரின் கழுத்திலுள்ள கட்டம்), நடுவிரல் 4-இல் 2, சுட்டுவிரல் 2-இல் 1. வலது கட்டைவிரலால் 5, 4, 5, 4 என்று மாற்றி மாற்றி மீட்டுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு போதும். இங்கே அவசரப்படவே கூடாது. பக்கத்தில் ஒருவர் "சாப்பிட்டாயா?" என்று கேட்டால், பதில் சொல்லும்போதும் கட்டைவிரல் தடுமாறாமல் ஓட வேண்டும். அதுவரை, மூன்று நாள் ஆனாலும், இதையே வாசியுங்கள்.

பிறகு முதல் தட்டில் கட்டைவிரலோடு சேர்த்து வலது நடுவிரலால் 2-ஆம் தந்தியைக் கிள்ளுங்கள். அது பழகியதும், இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவில் 1-ஆம் தந்தியைத் தனியாக மீட்டுங்கள். ரயில் ஓடத் தொடங்குவது இந்த இடத்தில்தான்!

ஜி கார்டுக்கு மாறும்போது கட்டைவிரல் 6, 4 என்று போகும். இடது கை தாமதமானால் ஆகட்டும், திறந்த தந்தி ஒலித்தாலும் பரவாயில்லை, கட்டைவிரலை நிறுத்தாதீர்கள்.

காட்டனின் மெட்டு அத்தனை உறுதியாக ஒலிப்பதற்கு அதை மீட்டியது கட்டைவிரல் என்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். நம் கையிலோ கட்டைவிரலின் பலம் மெட்டை அமுக்கிவிடும். வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்கு (கிதாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) அருகே கனத்த தந்திகளின்மேல் லேசாக வையுங்கள். அடி ஒலி மங்கி, மெட்டு மேலெழும். அப்போது பாட்டின் முதல் வரியை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.