குரோகாய்ட்: கல்லைப் பார்த்து அது பிறந்த கதையைப் படிப்பது எப்படி?

குரோகாய்ட் என்பது ஈயக் குரோமேட்: ஈயம், குரோமியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம். பழக நல்ல மாதிரி ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் டன்டாஸ் பகுதிக் கற்கள்தான். கையில் கல் இல்லையா? பெரிதாக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு படம் போதும்.

படி 1: படிகத்தைப் பாருங்கள்

செம்மஞ்சளில் குச்சி குச்சியாக நீண்டிருக்கும். பக்கங்களில் நீளவாக்கில் மெல்லிய வரிகள். சில குச்சிகளின் நுனி உள்ளே குழிந்து குழாய் போலிருக்கும். கிரேக்கத்தில் குங்குமப்பூவுக்கான சொல்லிலிருந்து வந்த பெயர். பார்த்தால் ஏனென்று கேட்க மாட்டீர்கள்.

படி 2: தூக்கிப் பாருங்கள்

தண்ணீரைவிட 6 மடங்கு அடர்த்தி. அந்தக் கனம் ஈயத்தினுடையது. கீறிப் பார்க்க வேண்டாம்: 10 வரை போகும் மோஸ் கடின அளவில் 2.5 முதல் 3 வரைதான், ஒடிந்துவிடும். பொடியும் நஞ்சு. தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.

படி 3: அடிப்பகுதியைப் பாருங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். நானும் ரொம்ப நாள் சிவப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் பழுப்பும் கறுப்புமாக, உளுத்த மரம் போல இருப்பவை இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள். மழைநீரும் காற்றும் இறங்கி, கலீனா என்கிற ஈயத் தாது சிதைந்துபோன இடம் அது. ஈயம் வந்த வழி தெரிந்துவிட்டது.

படி 4: குரோமியத்தைத் தேடுங்கள்

கலீனாவில் குரோமியம் கிடையாது. பக்கத்துப் பாறைதான் தர வேண்டும். டன்டாஸில் அது செர்பென்டினைட் என்கிற பச்சை நிறப் பாறை. அதற்குள் குரோமைட் என்கிற குரோமியத் தாதுவின் கறுப்பு மணிகள். ஆனால் குரோமைட்டில் இருக்கும் மூன்றிணைதிறன் குரோமியம் (மூன்று எலக்ட்ரான்களை இழந்த வடிவம்) லேசில் நீரில் கரையாது. மாங்கனீசு ஆக்சைடு அதிலிருந்து இன்னும் மூன்று எலக்ட்ரான்களைப் பறித்து ஆறிணைதிறன் ஆக்கவல்லது. அப்புறம் அது குரோமேட்டாகக் கரைந்து நீரோடு நகரும்.

படி 5: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

ஈயக் கரைசலையும் குரோமேட் கரைசலையும் ஆய்வகத்தில் சட்டென்று கலந்தால் மஞ்சள் பொடிதான் மிஞ்சும். குரோம் மஞ்சள் பெயின்ட் நிறமி அதுதான். விரல் நீளப் படிகம் வேண்டுமென்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரவேண்டும், வளர பாறைக்குள் பொந்தும் வேண்டும். அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான்.

படி 6: இன்னொரு கல்லில் முயலுங்கள்

ரஷ்யாவின் யூரல் மலையிலுள்ள பெரெசோவ்ஸ்க் தங்கச் சுரங்கக் கல்லை எடுங்கள். 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் குரோமியத்தைக் கண்டறிந்தது, அப்போது "சைபீரியச் சிவப்பு ஈயம்" எனப்பட்ட இந்தக் குரோகாய்ட்டில்தான். அதே கேள்விகளைக் கேளுங்கள். ஈயம் எங்கே? பாறை விரிசலில் நரம்பு போல ஓடும் குவார்ட்ஸில் உள்ள கலீனாவில். குரோமியம்? சுற்றியுள்ள செர்பென்டினைட்டில்.