மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடுமா?

மதியம் 12 மணிக்கு வடித்த சோறு. சாப்பிட்டது போக மீதியைக் குண்டானிலேயே மூடி வைத்துவிடுகிறோம். மாலை 5 மணிக்கு மூடியைத் தூக்கினால் அதன் உள்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி. சோற்றின் நடுவில் விரலை விட்டால் இன்னும் வெதுவெதுப்பு. மாவுச்சத்து, ஈரம், இதமான சூடு எல்லாம் இருக்கிறது, தடுக்கப் புளிப்பும் இல்லை. பாக்டீரியாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"ராத்திரி நன்றாகச் சூடாக்கிக்கொள்ளலாம்" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மண்ணிலிருந்து அரிசியோடு வரும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா, தடித்த உறைக்குள் ஸ்போராக உறங்கும். உலை கொதித்தாலும் அது சாவதில்லை. சோறு வெதுவெதுப்புக்கு வந்ததும் விழித்துப் பெருகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிற ஒரு பாக்டீரியா 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சமாகிவிடும். பெருகும்போது இதில் சில வகைகள் வாந்தி வரவைக்கும் நச்சைச் சோற்றிலேயே விட்டுவிடுகின்றன. அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. பிரஷர் குக்கரே கிட்டத்தட்ட அந்தச் சூட்டைத்தான் எட்டும். சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், நச்சு அப்படியே இருக்கும்.

முகர்ந்து பார்த்து முடிவு செய்வதும் தப்பு. ஊசிப்போன வாடை வந்தால் கொட்டிவிடுகிறோம், சரி. வாடை வராத சோற்றிலும் நச்சு இருக்கலாம்.

ஃபிரிட்ஜ் கிருமிகளைக் கொல்லும் என்றும் நம்ப வேண்டாம். 5 டிகிரிக்குக் கீழே பெரும்பாலானவை மந்தமாகும், அவ்வளவுதான். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அந்தக் குளிரிலும் வளரும். அதைவிட, குண்டானை அப்படியே உள்ளே தள்ளுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. ஓரம் சில்லென்று ஆனாலும் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரமாகும். ஒரு பெரிய பாத்திரம் கறிக்குழம்பில் இது இன்னும் மோசம்: காற்றில்லாத அடியில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா, 45 டிகிரிக்குப் பக்கத்தில் சுமார் 10 நிமிடத்திலேயே இரட்டிப்பாகும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்புங்கள், குழம்பை அகலமான சின்னப் பாத்திரங்களில் ஊற்றுங்கள். சூடு தணிந்ததும், சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

அப்புறம், "பழைய சோறும் ராத்திரி முழுக்க வெளியில்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழுகத் தண்ணீர் ஊற்றியதும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்கி வைக்கிறது. இட்லி மாவிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் மதியத்திலிருந்து வெதுவெதுப்பாகவே கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால், அதற்குள் உருவான நச்சைப் புளிப்பு எடுத்துவிடாது. பழைய சோறு வேண்டுமென்றால் இரவு வடித்த சோற்றை ஆறவைத்து உடனே தண்ணீர் ஊற்றி வையுங்கள்.