வேலை முடிந்து வந்து பிரெட் சுடுவது எப்படி

பிரெட்டுக்குத் தேவையான கைவேலை மொத்தமாகப் பார்த்தால் அரை மணிகூட வராது. ஆனால் அது நாலைந்து மணி நேரத்தில் பரவிக் கிடக்கும். பெருநகரத்தில் வேலைக்குப் போகிறவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மாவை ஃப்ரிட்ஜில் புளிக்க விட்டால் வேலை இரண்டு இரவுகளுக்குப் பிரிந்துவிடும். ருசியும் கூடும்.

முதல் இரவு: மைதா 400 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம் (அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலே), தண்ணீர் 270 கிராம். புரதம் கூடுதலான பிரெட் மாவு என்றால் 290 வரை இழுக்கும். தண்ணீரையும் தராசில் நிறுத்துவிடுங்கள். டம்ளர் அளவு ஆளுக்கு ஆள் மாறும். வெறும் மாவு தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும், பிசைய வேண்டாம். மூடி 20 நிமிடம் விட்டு, கையை நனைத்துக்கொண்டு ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள், நான்கு பக்கமும். இன்னொரு 20 நிமிடம் கழித்து மறுபடி ஒரு முறை. சொரசொரப்பாகக் கிடந்த மாவு இப்போது வழவழவென்று இழுபடும். மாவைப்போல் மூன்று மடங்கு கொள்ளும் டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 24 மணி நேரம் சரியாக இருக்கும். ஆபீஸில் மாட்டிக்கொண்டால் 48 வரை தாங்கும்.

மறுநாள் வீடு திரும்பியதும் முதல் வேலையாக மாவை வெளியே எடுங்கள். தட்டிப் பரப்பி, இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி எண்ணெய் தடவிய பிரெட் டின்னில் வையுங்கள். சமைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் எழும்பிவிடும்: அறை சூடாக இருந்தால் ஒரு மணி, குளிராக இருந்தால் இரண்டு. கடிகாரத்தைவிட விரலை நம்பலாம். அழுத்திய குழி மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் தயார். சட்டென்று எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பிரெட் கல்லாகும், பக்கவாட்டில் வெடிக்கும். குழி அப்படியே நின்றால் நேரம் கடந்துவிட்டது, உடனே அவனில் (oven) வையுங்கள். நடுவில் கொஞ்சம் அமுங்கும், சாப்பிடலாம்.

அவனை 220 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்கி, டின்னை உள்ளே வைத்ததும் 200க்குக் குறைத்து, 35 முதல் 40 நிமிடம். சின்ன அவனில் மேல் கம்பி மிக நெருக்கமாக இருப்பதால் கீழ்த்தட்டிலேயே வையுங்கள்; நிறம் ஏறியதும் மேலே அலுமினியத் தாள் போர்த்துங்கள். திருகியில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது வீண் செலவில்லை. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் அவனை மாட்டவே கூடாது.

வெந்ததும் டின்னிலிருந்து எடுத்து கம்பித்தட்டில் ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். ஸ்டார்ச் இறுக ஒரு மணியாவது வேண்டும். அதற்குள் தூக்கம் வந்துவிடும், காலையில் வெட்டுங்கள். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியில் வைப்பதைவிடச் சீக்கிரம் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் நேராக டோஸ்டரில் போட்டுக்கொள்ளலாம்.